எஸ்பி ரோட்டுல பழைய கிராபிக்ஸ் கார்டு, வீட்ல லினக்ஸ்: 1060 எடுக்கலாமா, ஆர்எக்ஸ் 580 எடுக்கலாமா?

முடிவ முதல்லயே சொல்லிடறேன், பொறுமை இல்லாதவங்க இதோட கெளம்பிடலாம். லினக்ஸ் (விண்டோஸுக்கு பதிலா போடற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்ட மிஷினுக்கு செகண்ட் ஹேண்ட்ல கார்டு தேடறீங்கன்னா ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 580 8 ஜிபி எடுங்க. என்விடியாவோட ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி நல்ல கார்டு தான், ஆனா 580க்கு கேக்கற அதே விலைய அதுக்கும் கேட்டா குடுக்காதீங்க. ஜிடி 710, ஜிடி 730 ரெண்டும் சீல் பிரிக்காத டப்பாவுல புதுசா வந்தாலும் தொடாதீங்க. ஏன்னு கேக்கறவங்க மேல படிங்க, கொஞ்சம் நீளமா போகும்.

2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10 சப்போர்ட்ட நிறுத்தினதுல இருந்து எங்க வட்டாரத்துல லினக்ஸ் காத்து நல்லாவே அடிக்குது. ஆபீஸ் டிஸ்போசல்ல வாங்கின டவர், காலேஜ் டைம்ல அசெம்பிள் பண்ண ஆறாவது ஏழாவது ஜென் ஐ5, இதெல்லாம் விண்டோஸ் 11 லிஸ்ட்ல இல்ல, இன்டெல்ல எட்டாவது ஜென்ல இருந்து தான் பெரும்பாலும் சேத்துக்கறாங்க, சரி மின்ட் (லினக்ஸ்ல சுலபமான ஒரு வகை) போட்டு குடுப்பான்னு வந்து நிக்கறாங்க. போட்டு குடுத்த உடனே அடுத்த கேள்வி, ஒரு கார்டு சொருகினா கேம் ஓடுமா. என் மச்சானும் அதையே தான் கேட்டான், அவன் மிஷின்ல தான் இந்த ரிவ்யூ முழுக்க. ஏழாவது ஜென் ஐ5, 16 ஜிபி ரேம், 550 வாட் பவர் சப்ளை. 1060 ஆபீஸ்ல ஒருத்தர் விக்கறதுக்கு வச்சிருந்தது, ஓட்டி பாத்துட்டு சொல்றோம்னு வாங்கிட்டு வந்தோம். 580 எஸ்பி ரோட்டுல எடுத்தது.

எஸ்பி ரோடு, கம்ப்யூட்டர் சாமான் விக்கற தெரு, தெரியாத பெங்களூர்க்காரங்க இருக்க மாட்டீங்க, புதுசா வந்தவங்களுக்காக சொல்றேன், வண்டிய எடுத்துட்டு போகாதீங்க, சிக்பேட் மெட்ரோல இறங்கி நடங்க. நாங்க போன கடை பேர் வேணாம். மாடிப்படிக்கு கீழ இருக்கற ஒரு சின்ன கடை, கவுண்டர்ல இருந்த தம்பிக்கு கிருஷ்ணகிரி பக்கம், நம்ம பேச்ச கேட்டதும் தமிழ்லயே ஆரம்பிச்சுட்டான்.

"அண்ணா, லினக்ஸா? அப்ப என்விடியா தான்ணா. உபுண்டுல டிரைவர் செட்டிங்ல ஒரு டிக் அடிச்சா முடிஞ்சுது."

"எந்த கார்டு தம்பி?"

"ஜிடி 730 புது பீஸ் இருக்குண்ணா, வாரண்டியோட. பழசு எதுக்கு ரிஸ்க்கு?"

அந்த 730 டப்பாவ கையில வாங்கி பாத்தா அது எந்த 730ன்னே டப்பாவுல போடல. இந்த கதைக்கு அப்புறம் வரேன். அந்த தம்பி பொய் சொல்லல, அவனுக்கு தெரிஞ்சது அவ்வளவு தான், பத்து வருஷம் முன்னாடி அவன் சொன்னது பாதி உண்மையும் கூட. ஆனா அந்த தெருவுல எந்த கடையிலயும் கார்டுக்கு விலை போடறப்ப ரேம் எவ்வளவு, ஃபேன் ஓடுதா, கிரிப்டோ மைனிங்ல இருந்து வந்துச்சா, இதெல்லாம் பாக்கறாங்க, டிரைவர் (கார்ட இயக்கற மென்பொருள்) இன்னும் எவ்வளவு நாளைக்கு வரும்னு ஒருத்தரும் பாக்கறதில்ல. லினக்ஸ்காரனுக்கு அது தான் முதல் கேள்வி.

விஷயம் இது தான். ஏஎம்டி கார்டுக்கான டிரைவர் கெர்னலுக்குள்ளயே (லினக்ஸோட மையப் பகுதி) சொந்த வீட்ல குடியிருக்கு, என்விடியாவோட சொந்த டிரைவர் வெளிய வாடகைக்கு இருக்கு. கெர்னலுக்குள்ள ஒரு ஃபங்ஷன் மாத்தறாங்கன்னு வைங்க, மாத்தறவரே உள்ள இருக்கற எல்லா டிரைவரையும் சேத்து திருத்தி குடுக்கணும், அது தான் அங்க வழக்கம். வெளிய இருக்கறத பத்தி அவங்களுக்கு கவலை இல்ல, வெளி மாட்யூலுக்கு உள் இடைமுகம் அப்படியே நிக்கும்னு கெர்னல் டீம் எப்பவுமே வாக்கு குடுத்ததில்ல. அதனால என்விடியா ஒரு கார்டுக்கு டிரைவர் எழுதறத நிறுத்தின அன்னிக்கு கார்டு சாகாது, அடுத்தடுத்து கெர்னல் மாற மாற ஒருநாள் டிகேஎம்எஸ் (புது கெர்னலுக்கு டிரைவர திரும்ப கட்டற கருவி) கம்பைல் ஆகாம எரர் அடிக்கும், யாராவது ஒரு புண்ணியவான் பேட்ச் போடுவார், அதுவும் கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் அவருக்கும் அலுத்துடும்.

இது புதுசு இல்ல. என்விடியாவோட ஜிஃபோர்ஸ் 8, 9, 200 வரிசைக்கு 340ங்கற வெர்ஷன் டிரைவர், அது 2019 டிசம்பரோட நின்னுது. ஃபெர்மி, அதாவது 400, 500 வரிசை, 390 டிரைவரோட 2022 கடைசியில முடிஞ்சுது. கெப்ளர், 600ம் 700ல பெரும்பாலானதும், 470 டிரைவர், 2024ல முடிஞ்சுது. இப்ப மேக்ஸ்வெல் (750 டிஐ, 900 வரிசை), பாஸ்கல் (10 வரிசை, 1060 இதுல தான்), வோல்டா மூணுக்கும் 580 டிரைவர் தான் கடைசி, 2025 டிசம்பர்ல வந்த 590ல இந்த மூணும் இல்ல. 750 டிஐ, 960, 970, 1050 டிஐ, 1060, 1080 எல்லாம் ஒரே அடியில போச்சு. (580 டிரைவர் வேற, ஆர்எக்ஸ் 580 கார்டு வேற, எதிரெதிர் கம்பெனி, ஒரே நம்பர், மச்சானுக்கு இத புரிய வைக்கறதுக்குள்ள டீ ஆறிடுச்சு.)

1060 வந்தது 2016 ஜூலைல. ஒன்பது வருஷத்துக்கும் மேல டிரைவர் குடுத்திருக்காங்க, அதுல குறை சொல்ல முடியாது, நியாயமா சொன்னா நல்ல கணக்கு தான். என் பிரச்சனை நிறுத்தினதுல இல்ல, நிறுத்தினப்புறம் அந்த கார்டுக்கு போக்கிடம் இல்லாம வச்சிருக்கறதுல. இந்த இடத்துல தான் 1060 மாட்டுது, கொஞ்சம் விவரமா சொல்றேன்.

என்விடியாவுக்கு நூவோன்னு ஒரு ஓப்பன் டிரைவர் இருக்கு, வெளியாளுங்க உள்ள என்ன நடக்குதுன்னு துருவி துருவி பாத்து எழுதினது, 2010லயே கெர்னலுக்குள்ள வந்துடுச்சு. பழைய கெப்ளர், அப்புறம் 750 டிஐ, இதுங்கள்ல நூவோவ வச்சு கையால கிளாக் (சிப் ஓடற வேகம்) ஏத்தலாம், சுமாராவாவது வேகம் வரும். ஆனா 900 வரிசையில இருந்து என்விடியா ஒரு பூட்டு போட்டுச்சு, கார்டோட ஃபர்ம்வேர்ல (கார்டுக்குள்ளயே ஓடற மென்பொருள்) கம்பெனி கையெழுத்து இருந்தா தான் கிளாக், வோல்டேஜ் எல்லாம் தொட முடியும். அந்த வேலைக்கு தேவையான ஃபர்ம்வேர 900க்கும் பாஸ்கலுக்கும் வெளிய குடுக்கவே இல்ல. அதனால நூவோல 1060 பூட் ஆகற கிளாக்லயே நிக்கும், டெஸ்க்டாப் வரும், பிரவுசர் வரும், கேம்னு எதையாவது திறந்தா ஸ்லைடு ஷோ தான். மேசா (லினக்ஸோட ஓப்பன் கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பு) 25.1ல இருந்து அதுல இருக்கற என்விகே டிரைவர் பாஸ்கலுக்கும் வல்கன் (கேம் கார்டோட பேசற வழி) குடுக்குது, நல்ல விஷயம், பசங்க அசுரத்தனமா உழைக்கறாங்க, ஆனா கிளாக் ஏறாத கார்டுல வல்கன் வந்து என்ன பண்ண.

சரி அந்த பக்கம் 2022 மே மாசம் என்விடியாவே கெர்னல் மாட்யூல ஓப்பன் பண்ணுச்சே, அது ஆகாதான்னு கேப்பீங்க. அது டூரிங்ல இருந்து தான், 1650, 1660, 2060ல இருந்து. அதுங்களுக்குள்ள ஜிஎஸ்பின்னு தனி பிராசசர் ஒண்ணு இருக்கு, பழைய டிரைவர் பண்ணிட்டிருந்த வேலையில பெரும்பங்க அதுக்குள்ள தள்ளிட்டாங்க. ரஸ்ட்ல புதுசா எழுதிட்டிருக்கற நோவா டிரைவரும் ஜிஎஸ்பி இருக்கற கார்டுக்கு தான். ஆக கெப்ளருக்கு நூவோவாவது இருக்கு, டூரிங்குக்கு எதிர்காலம் இருக்கு, நடுவுல மாட்டின பாஸ்கலுக்கு 580 டிரைவர விட்டா நாதி இல்ல. வித்த எண்ணிக்கைய பாத்தா இது தான் நம்ம ஊர்ல பாதி பேர் வீட்ல இருக்கற தலைமுறை, 1050 டிஐ இல்லாத கேமிங் கஃபே ஒரு காலத்துல இருந்துச்சா?

இப்ப ஓட்டி பாத்த கதை. மின்ட் 22ல 1060 சூப்பரா ஓடுச்சு, பொய் சொல்ல மாட்டேன். டிரைவர் மேனேஜர்ல 580 செலக்ட் பண்ணி ரீபூட், அவ்வளவு தான், மச்சானே பண்ணிட்டான். 1080பி-ல அவன் ஆடற கவுண்டர் ஸ்ட்ரைக் 2 கேம் மீடியம் செட்டிங்ல தாராளமா போகுது. ஓபிஎஸ் (ஸ்க்ரீன் ரெக்கார்டு பண்ற சாஃப்ட்வேர்) வச்சு ரெக்கார்டு பண்றப்ப என்வென்க் வீடியோ என்கோடர் இருக்கறதால சிபியு மேல பாரமே தெரியல, இந்த ஒரு விஷயத்துல ஆர்எக்ஸ் 580 கிட்ட வர முடியாது. பிளெண்டர்ல (3டி அனிமேஷன் சாஃப்ட்வேர்) சைக்கிள்ஸ் ரெண்டரும் கூடா (என்விடியா கார்டுல கணக்கு வேலை ஓட்டற அவங்க சொந்த மென்பொருள்) வச்சு ஓடுது. 120 வாட் தான் குடிக்கும், ஒரே ஒரு 6 பின் கேபிள், சத்தம் கம்மி. கார்டா பாத்தா 1060 தான் பண்பட்ட கார்டு.

அதே மிஷின்ல இன்னொரு எஸ்எஸ்டில என் பழக்கதோஷத்துக்கு ஆர்ச் (அடிக்கடி அப்டேட் ஆகற லினக்ஸ் வகை) போட்டு பாத்தேன். அங்க கதை வேற. 2025 டிசம்பர்ல ஆர்ச் மெயின் பேக்கேஜ 590க்கு ஏத்தி ஓப்பன் மாட்யூலுக்கு மாத்திட்டாங்க, பாஸ்கல் வச்சிருக்கறவங்க அப்படியே அப்டேட் அடிச்சா கிராபிக்கல் ஸ்கிரீன் வராதுன்னு அவங்களே அறிவிப்பு போட்டாங்க. பழைய பேக்கேஜ தூக்கிட்டு ஏயுஆர்ல (ஆர்ச் பயன்படுத்தறவங்களே பேக்கேஜ் போட்டு வைக்கற இடம்) இருந்து 580 டிகேஎம்எஸ் டிரைவர் போடணும். போட்டேன், ஓடுது. ஆனா ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் இது கம்பைல் ஆகுமான்னு நெஞ்சுல ஒரு படபடப்பு, அத மச்சான் மாதிரி ஆளுக்கு நான் குடுக்க மாட்டேன். 2028 வரைக்கும் 580 டிரைவருக்கு செக்யூரிட்டி ஃபிக்ஸ் வரும், அதனால இன்னிக்கே பயப்பட வேண்டாம். 1060 வச்சிருக்கறவங்க மின்ட் 22 மாதிரி எல்டிஎஸ்ல (நீண்ட நாள் சப்போர்ட் இருக்கற வெர்ஷன்) உக்காந்துடுங்க, 2029 ஏப்ரல் வரைக்கும் அதுக்கு சப்போர்ட் இருக்கு, கெர்னல மட்டும் தேவையில்லாம முன்னாடி ஓட்டாதீங்க.

கூடா பத்தி ஒரு வரி. கூடா 13ல மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா மூணையும் எடுத்துட்டாங்க. படிக்கற பசங்க ஏஐ கத்துக்கறதுக்குன்னு 1060 தேடி வராங்க, அவங்களுக்கு கூடா 12ல நின்னுட்டு பழைய பைடார்ச் (ஏஐ லைப்ரரி) வச்சு ஓட்டறதுக்கு பொறுமை இருந்தா சரி, இல்லன்னா வேணாம்.

இப்ப ஆர்எக்ஸ் 580. 2017 ஏப்ரல்ல வந்தது, அதுவும் பாட்டி கார்டு தான். லைவ் யுஎஸ்பி சொருகி பூட் பண்ண உடனே முழு வேகத்துல வேலை செய்யுது, எதையும் இன்ஸ்டால் பண்ணல, டிக் அடிக்கல. மின்ட்லயும் ஆர்ச்லயும் ஒரே மாதிரி. கெர்னல்ல ஏஎம்டிஜிபியு, மேசால ரேட்வி, ரெண்டு டிரைவரும் டிஸ்ட்ரோவோட (மின்ட், ஆர்ச் மாதிரி லினக்ஸ் வகை) சேந்தே வருது, அப்டேட் அடிச்சா அதுவும் சேந்து அப்டேட் ஆகுது. வேலண்ட், எக்ஸ்11 (ஸ்க்ரீன்ல டெஸ்க்டாப் காட்டற புது வழி, பழைய வழி) எதுல போனாலும் பிரச்சனை இல்ல. கேம்ல 1060 எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு தான், சிலதுல கூட, சிலதுல குறைவு, 8 ஜிபி இருக்கறதால டெக்ஸ்சர் ஏத்தி வைக்கலாம். சின்ன சைஸ் மொழி மாடல் ஓட்டி பாக்கணும்னாலும் லாமா சிபிபி-ய வல்கன்ல ஓட்டினா போதும், ஓடுது.

சப்போர்ட் எவ்வளவு நாள் வரும்னு கேட்டா பழைய ஏஎம்டி கார்டுங்களுக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. எச்டி 7970 வித்தது 2012 ஜனவரில. ஏஎம்டி அத எப்பவோ கைகழுவிடுச்சு. ஆனா கெர்னல் 6.19ல அந்த தலைமுறை கார்டுங்கள பழைய ரேடியான் டிரைவர்ல இருந்து ஏஎம்டிஜிபியு டிரைவருக்கு டீஃபால்ட்டா மாத்தினாங்க, வால்வ் கம்பெனிக்காக வேலை பாக்கற ஒரு டெவலப்பர் மெனக்கெட்டு விட்டுப்போன வேலைய முடிச்சு குடுத்தார். பதினாலு வருஷ கார்டுக்கு புது வாழ்வு, கம்பெனி காசு போட்டு இல்ல, கோடு வெளிய இருந்ததால யாரோ ஒருத்தருக்கு அத தொட முடிஞ்சுது. 1060க்கு அந்த மாதிரி ஒருத்தர் வந்தாலும் பூட்டுக்கு வெளிய தான் நிக்கணும்.

அதுக்குன்னு ஏஎம்டிய தலைல தூக்கி வச்சு ஆட வேண்டாம். ஆர்ஓசிஎம்ல (கூடாவுக்கு ஏஎம்டியோட மாற்று) இந்த 580 தலைமுறைய எப்பவோ கழட்டி விட்டாங்க. பிளெண்டர் 3.0ல ஓப்பன்சிஎல்ல (இந்த கார்டுல ரெண்டர் பண்ற வழி) தூக்கினதுக்கு அப்புறம் சைக்கிள்ஸ்க்கு இந்த கார்டு பிரயோஜனமே இல்ல, சிபியுல தான் ரெண்டர் பண்ணணும். மச்சானோட தங்கச்சி அனிமேஷன் படிக்கறா, அவ கேட்டிருந்தா நான் 1060 தான் சொல்லிருப்பேன். வீடியோ என்கோடரும் சுமார். அப்புறம் கரண்ட், 185 வாட் இழுக்கும், எங்க ஏரியால மழை வந்தா கரண்ட் போகும்னு எல்லாருக்கும் தெரியும், யுபிஎஸ்ல 1060 ஓடின நேரத்துக்கு 580 ஓடாது, சேவ் பண்றதுக்குள்ள யுபிஎஸ் கத்த ஆரம்பிச்சுடும். எச்டி 5000, 6000 மாதிரி ரொம்ப பழசுக்கு போனா டிரைவர் இருக்கு ஆனா வல்கன் இல்ல, அதனால ஏஎம்டின்னு பேர் பாத்து எதையும் வாங்கிடாதீங்க.

எஸ்பி ரோட்டுல 580 வாங்கறப்ப ஒரு பெரிய பள்ளம் இருக்கு. 580ன்னு ஸ்டிக்கர் ஒட்டி வர்ற நிறைய கார்டு 2048எஸ்பி, சீனா மார்க்கெட்டுக்கு 2018ல விட்டது, உள்ள இருக்கறது ஆர்எக்ஸ் 570 அளவுக்கு தான். அசல்ல 2304 கோர், 36 கம்ப்யூட் யூனிட், இதுல 2048, 32. கடைக்காரர் கிட்ட கேட்டா எல்லாம் ஒண்ணு தான் சார்னு தான் சொல்வார். லைவ் யுஎஸ்பி கையோட கொண்டு போங்க, அவங்க டெஸ்ட் பெஞ்ச்ல பூட் பண்ணி டெர்மினல்ல எல்எஸ்பிசிஐ (உள்ள இருக்கற கார்டு பேர காட்டற கமாண்ட்) அடிச்சு பாருங்க, சிலதுல 2048எஸ்பின்னு பேரே போட்டு குடுத்துடும், காட்டலன்னா கம்ப்யூட் யூனிட் எண்ணிக்கைய பாருங்க. எங்களுக்கு முதல்ல எடுத்து குடுத்தது 2048எஸ்பி தான், ஸ்க்ரீன்ல காட்டினதும் தம்பி முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு, உள்ள போய் வேற ஒண்ணு எடுத்துட்டு வந்தான், அது சரியா இருந்துச்சு. மைனிங்ல ஓடின கார்டு தான் அதுவும், தெர்மல் பேஸ்ட் காஞ்சு போய் சூடு ஏறுச்சு, புதுசா தடவினதும் அடங்கிடுச்சு. ஒரு மாசம் கடை வாரண்டி, பில்லுன்னு ஒரு சின்ன சீட்டு. சர்வீஸ்னு பாத்தா கடைக்கு அஞ்சுக்கு மூணு குடுக்கலாம், டெஸ்ட் பண்ண விட்டாங்களே அதுக்கே ஒண்ணு.

இப்ப அந்த 730க்கு வரேன். ஜிடி 730ங்கற ஒரே பேர்ல ஃபெர்மி சிப்பும் வித்திருக்காங்க, கெப்ளர் சிப்பும் வித்திருக்காங்க. 96 கோர் இருந்தா ஃபெர்மி, 390 டிரைவர், 384 கோர் இருந்தா கெப்ளர், 470 டிரைவர். ரெண்டுமே கம்பெனி கைவிட்டது. கடையில மட்டும் புதுசு, வாரண்டியோட. 710ம் கெப்ளர் தான். 470 டிரைவர்ல வல்கன் 1.2 வரைக்கும் தான், டிஎக்ஸ்விகே (டைரக்ட்எக்ஸ வல்கனா மாத்தறது) 2.0க்கு 1.3 வேணும், அதனால புரோட்டான் (விண்டோஸ் கேம லினக்ஸ்ல ஓட்ட வைக்கறது) 8ல இருந்து மேல எதுவும் ஒழுங்கா ஓடாது. வேலண்ட்லயும் தகராறு, வேலண்டுக்கு இப்ப எல்லாரும் பயன்படுத்தற ஜிபிஎம் வழி 495 டிரைவர்ல தான் வந்துச்சு, 470க்கு கிடையாது. நோம் (உபுண்டுவோட டெஸ்க்டாப்) 49ல எக்ஸ்11 செஷன டீஃபால்ட்டா மூடிட்டாங்க, உபுண்டு 25.10ல நோம்க்கு வேலண்ட் மட்டும் தான். ஒரு பக்கம் டிரைவர் முன்னாடி வராது, இன்னொரு பக்கம் டெஸ்க்டாப் பின்னாடி வராது. ரெண்டாவது மானிட்டர் சொருகறதுக்கு மட்டும்னா நூவோல விட்டுடுங்க, அதுக்கு இது போதும், ஆனா அதுக்கு சிபியுல இருக்கற இன்டெல் கிராபிக்ஸே போதுமே, எதுக்கு காசு.

ஏற்கனவே வீட்ல பாஸ்கல் கார்டு இருக்கறவங்க இதப் படிச்சுட்டு விக்க ஓடாதீங்க. நல்லா ஓடற பொருள், எல்டிஎஸ் போட்டு இன்னும் மூணு வருஷம் ஓட்டலாம், எடைக்கு போடற மாதிரி இ-வேஸ்ட் ஆக்கறதுல யாருக்கும் லாபம் இல்ல. புதுசா வாங்கறவங்களுக்கு மட்டும் தான் என் பேச்சு. ஆபீஸ்காரர் 1060க்கு அஞ்சாயிரம் சொன்னார், 580 டிரைவர் தான் கடைசின்னு விளக்கினேன், அவர் விண்டோஸ்ல தான் ஓட்டறார், அங்கயும் 2025 அக்டோபரோட கேம் ரெடி டிரைவர் (புது கேமுக்கான அப்டேட்) முடிஞ்சு செக்யூரிட்டி அப்டேட் மட்டும் தான்னு சொன்னதும் கொஞ்சம் யோசிச்சார், மூவாயிரத்து ஐநூறுன்னா மச்சான் தங்கச்சிக்கு எடுத்துக்கறோம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நாலுக்கு கீழ இறங்க மாட்டேன்னு இன்னிக்கு காலைல மெசேஜ் போட்டிருக்கார், பாப்போம்.